காலி எடை

நெல்லேறிய லாரியை மேடையில் ஒருமுறை நிறுத்துவோம்,
இறக்கிவிட்டு வருகையில் இன்னொருமுறை.
இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நெல்.
புதுவயல் எடைமேடைக் கூண்டில் ஒன்பது வருடம்.
எனக்கு உருப்படியாகத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

போன தை மாதம் ஒரு காலை, ஏழரை மணிக்கு
புதுப்பிக்கிறேன், அணைக்காதே என்றது திரை.
இருபத்து மூன்று சதவீதத்தில் நின்றுகொண்டது.
கண்டனூர் சாலை வரை லாரிகள்.
ஹார்ன் அடித்து ஓய்ந்து
டீக்குப் போய்த் திரும்பி
மறுபடி ஹார்ன் அடித்தார்கள்.
சோலையப்பன் முதலாளி தலையை நீட்டி
"எவ்வளவாச்சு?" என்றார்.
"இருபத்து நாலு."
டன்னா, சதவீதமா என்று கேட்காமலே போய்விட்டார்.

லினக்ஸ் எனக்குப் புதிதல்ல.
வீட்டு மடிக்கணினியில் மாதம் ஒன்று மாற்றுவேன்.
பென்டிரைவ் மூன்று,
எதில் எது என்று ஒட்டிய சீட்டு மூன்றிலும் உரிந்துபோயிற்று.
ஆர்ச் போட்டுவிட்டு இரண்டு நாள்
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
மூன்றாம் வாரம் ஒரு அப்டேட்,
கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு துடித்தது.
விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தேன்.
சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.
ஆனால் அந்தச் சந்தோஷத்துக்காக
முப்பது டன் நெல்லோடு சவேரியார் காத்திருப்பாரா?

கூண்டுக் கணினிக்கு வயது பதினொன்று.
நினைவகம் நாலு ஜிபி, விசிறிக்குள் தவிடு.
மில் மூடிய பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன்.
எதையும் திறக்காமல்
சும்மா நிற்கையில் எவ்வளவு தின்கிறது?
அதுதானே காலி எடை.

க்னோம் ஒன்றரை ஜிபி.
அழகுதான், விரல் வைத்தால் வழுக்குகிறது.
வண்டியே இவ்வளவு கனத்தால்
நெல்லை எதில் ஏற்றுவது?
கே.டி.இ. நான் பயந்த அளவுக்கு இல்லை, இளைத்திருக்கிறது.
ஆனால் மூலைக்கு மூலை ஒரு திருகு.
திருகைக் கண்டால் என் கை சும்மா இருக்காது,
அதன் குற்றமல்ல.
மின்ட் போடச் சொன்னவன் காரைக்குடி இத்ரீஸ்.
"கண்ண மூடிக்கிட்டுப் போடுங்கக்கா."
நன்றாகத்தான் ஓடியது.
கண்ணை மூடிக்கொண்டு எடைபோட்டுப் பழக்கமில்லை,
அவ்வளவுதான்.

கடைசியில் டெபியன்.
மேலே எக்ஸ்எஃப்சிஇ.
ஐநூற்றுச் சொச்சம் எம்பி.
எலிவால் மாதிரி ஒரு மெனு,
மூலையில் கடிகாரம்,
பார்த்து மயங்க எதுவுமில்லை.
உள்ளிருக்கும் மென்பொருள் எல்லாம் இரண்டு வருடப் பழசு என்றான் இத்ரீஸ்.
நெல்லும் பழசானால்தான் சோறு உதிரியாக வரும் என்றேன்.

எடைகாட்டியிலிருந்து எண் வரவில்லை.
அனுமதி இல்லையாம்.
டயல்அவுட் என்றொரு குழு, அதில் பெயர் சேர வேண்டுமாம்.
எந்தச் சங்கத்திலும் சேராதவள்
இரவு பதினொன்றரைக்கு அதில் சேர்ந்தேன்.
சோதிக்க லாரி இல்லை.
நானே மேடையில் ஏறி நின்றுவிட்டு
ஓடிவந்து பதிவைப் பார்த்தேன்: அறுபது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
மூன்று கிலோ எனக்கு லாபம்.

காலையில் முதல் வண்டி சவேரியாருடையது.
"அந்தப் பச்சை மலைப் படம் எங்கக்கா?"
"எடுத்தாச்சு."
"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"
அச்சுப்பொறி கரகரத்தது.
சீட்டைக் கிழித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு யாரும் கணினியைப் பற்றிப் பேசவில்லை.
முதலாளி கேட்கவில்லை.
மின்சாரம் போகிறது, வருகிறது,
அதுவும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.
சில நாள் எனக்கே மறந்துபோகிறது
அது அங்கே இருப்பது.

இன்று ஞாயிறு, சித்திரை வெயில்.
வீட்டில் புது ஃபெடோரா இறங்கிக்கொண்டிருக்கிறது.
ஐம்பத்து நாலு சதவீதத்தில் நிற்கிறது.
நிற்கட்டும்.
என் பின்னால் லாரி எதுவும் இல்லை.