சுமார்

குண்டடம் தாண்டிக் காற்றாடிகளுக்கு நடுவே
எங்கள் ஆஸ்பத்திரி. ஆறு கட்டில், ஒரு ஜெனரேட்டர்.
போன ஆவணியில் ஈரோட்டில் ஒருநாள் பயிற்சி,
மத்தியானம் தயிர்சாதப் பொட்டலம்,
சாயங்காலம் ஆளுக்கு இருபது பை.

ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்டிக் பை.
பிள்ளை பிறந்ததும் தாயின் இடுப்புக்கடியில் விரித்து
அடியைக் கீழே தொங்கவிட வேண்டும்.
உள்ளே இருப்பது தெரியும். பக்கவாட்டில் கோடுகள்:
முந்நூறில் மஞ்சள், ஐந்நூறில் சிவப்பு.
ஆப்பிரிக்காவில் நாலு நாட்டில்
ரெண்டு லட்சம் பிரசவத்துக்கு மேல் பார்த்தார்களாம்.
கண் பாதியைத்தான் பார்க்கிறதாம்,
எத்தனை வருஷம் பழகிய கண்ணானாலும்.

பின் வரிசையில் இருந்த நான்
இருபத்தோரு வருஷம் பழகிய கண்ணைத்
துடைத்துக்கொண்டேன்.
ஏசிக் காற்று ஆகவில்லை என்றேன்.

எங்கள் பக்கம் எதையும் சும்மா விடமாட்டோம்.
வாய்க்கால் தண்ணிக்கு முறை வைத்துக்
கைக்கடிகாரம் பார்த்து மடை மாற்றுவோம்.
கொப்பரைக்கு ஈரம் பார்ப்போம்.
பால் சொசைட்டியில் ஒரு பாயிண்ட் குறைந்தால்
கேனோடு நின்று சண்டை போடுவோம்.
பெற்றவளின் ரத்தத்துக்கு மட்டும்
துணி நனைந்தால் இவ்வளவு, தரையில் வழிந்தால் இவ்வளவு என்று
ஒரு சுமார்.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு
ஸ்பின்னிங் மில் வேனில் வந்தவள் பசந்தி. ஒடிசாக்காரி.
அவளுக்கும் எனக்கும் பொதுவில் இருந்தது
'பாணி' என்ற ஒரு வார்த்தை. தண்ணீர்.
பெண் குழந்தை, ரெண்டு கிலோ எழுநூறு.
நஞ்சு முழுசாக வந்தது.
அவள் சிரித்தாள்கூட.

பை நிரம்பிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல், அவசரமில்லாமல்,
அடைத்த மடையில் கசிகிற மாதிரி.
கண் சொன்னது: பயப்பட ஒன்றுமில்லை.
கோடு சொன்னது: முந்நூற்றைம்பது.
நாடி நூற்றுப் பத்து.
முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு கால் மணி நேரம் இருக்கும்,
பார்க்கலாம் என்று சொல்ல.
கோட்டில் அந்தக் கால் மணி நேரம் இல்லை.
வயிற்றில் கை வைத்தால் கருப்பை
நனைந்த பஞ்சு மாதிரி நழுவுகிறது.
பிசையப் பிசைய ஊசி, இன்னொரு ஊசி, சலைன்,
கிழிசல் உண்டா என்று டார்ச், டாக்டருக்குப் போன்,
ஒன்றுக்காக ஒன்று காத்திராமல்.
அறுநூறுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.
கையடியில் முற்றின தேங்காயாக இறுகியது.
'பாணி' என்றாள் பசந்தி.

விடிவதற்குள் பீரோவைத் திறந்து
பழைய பதிவேட்டை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்.
பத்து வருஷத்துக்கு முந்தின தை.
துளசிமணி, க/பெ சென்னியப்பன், தறி வேலை,
ரெண்டாவது பிரசவம். ரத்தப்போக்கு: சுமார் 250.
என் கையெழுத்துதான்.
நூற்றெட்டு வண்டி பல்லடம் தாண்டவில்லை.
விசாரணையில் அந்த எண்ணைப் படித்துவிட்டு
இவ்வளவுதானே போயிருக்கு, அப்புறம் எப்படி என்றார் ஒருவர்.
விதி என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லாததால்
இதயம் என்று எழுதினார்கள்.

மாராயி தரை துடைக்க வந்தாள்.
பையைப் பார்த்தாள். கோடுகளை விரலால் எண்ணினாள்.
"இம்புட்டுத்தானுங்களா சிஸ்டர்?
அந்தத் தறிக்காரப் புள்ளைக்கு
இந்த மாதிரி மூணு ரொம்பியிருக்குமுங்.
நாலு வாளி தண்ணி மாத்துனேன் அன்னிக்கு.
மாப்பைப் புழிஞ்சு புழிஞ்சு எம்பட கையே செவந்து போச்சு.
நெறையாப் போகுதுன்னு சொன்னேனே உங்ககிட்ட."

சொல்லியிருக்கிறாள்.
நான் பேனாவை மூடிக்கொண்டே
சரி சரி, நீ ஓரமாப் போ என்றிருக்கிறேன்.

பயிற்சியில் எண்பத்திரண்டு ஸ்லைடு.
மாப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

பசந்தியின் பெயருக்கு நேரே
590 என்று எழுதப் போனேன்.
பழகின கை, முன்னால் ஒரு 'சு' போட்டுவிட்டது.
அடித்தேன்.
அடித்ததற்குச் சுருக்கொப்பம் வைத்தேன்.