ஒரு சாண் மௌனம்

வியாழக்கிழமை மாலைகளில்
பொஹுமிர் வீட்டு நான்காம் மாடியில் கூடுவோம்.
லிஃப்ட் இல்லை.
லிபுஷே ஒவ்வொரு மாடியிலும் நின்று
மூச்சு வாங்கியபடி
போன வாரச் சண்டையைத் தொடர்ந்துகொண்டே வருவாள்.

இன்று அந்த டி மைனர் கான்செர்டோ.
இரண்டாம் பகுதி மட்டும்.
நான்கு பதிவுகள்,
ஒரு கசகசா கேக்,
ரம் கலந்த தேநீர்.

முதலில் ஹெல்சிங்கி.
வாசித்தவள் ஐரா டால்பெர்க்.
பொத்தானை அதனதன் துளையில் போடுகிற மாதிரி
ஒவ்வொரு ஸ்வரமும்.
"குற்றம் சொல்ல ஒன்றுமில்லை,
அதுதான் குற்றம்" என்கிறாள் லிபுஷே.
நாற்பது வருடம் மருந்துக்கடையில்
மில்லிகிராம் நிறுத்தவள்;
மிகச் சரியானதன்மேல் அவளுக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது லியோன்.
வயலின்கள் பியானோவை விழுங்கிவிட்டன.
பல்செட் கட்டுகிற பொஹுமிர்
பாதியில் ஊசியைத் தூக்கினான்:
"அளவெடுக்காமல் செய்தது."

பிறகு எங்கள் ஊர்ப் பதிவு.
அறுபத்தேழு, புர்னோ வானொலிக் கூடம்,
ஓல்ட்ரிஹ் வானெச்செக்.
ஒன்பதாம் பக்கம். ஓபோ இறங்கி முடித்ததும்
பியானோ உடனே நுழையவேண்டிய இடம்.
நுழையாது.
பொஹுமிர் கையை உயர்த்துவான்.
லிபுஷே கண்ணை மூடுவாள்.
கோப்பையில் கரண்டி நிற்கும்.
பிறகுதான் அந்த முதல் விரல்.

"கதவைத் தட்டுமுன்
ஒருவன் தன் கையைப் பார்த்துக்கொள்வது இது"
என்று இருபது வருடமாகச் சொல்கிறான்.
நான் கேக்கை வெட்டுவேன்.

வெட்டுவதுதான் என் தொழிலாக இருந்தது.
வானொலியில் வேலை என்று இவர்களுக்குத் தெரியும்;
என்ன வேலை என்று கேட்டதில்லை.
அன்று ஓபோ முடிந்த இடத்தில்
நான்காம் எண் டிராம்
வளைவில் திரும்பிக் கிறீச்சிட்டது.
மறுபடி வாசிக்க வழியில்லை,
கொம்பு ஊதுகிறவர்கள் இருவரும்
ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சவர பிளேடால் கிறீச்சை எடுத்தேன்.
நேரே ஒட்டினால்
கதவில் விரல் நசுங்கியது போல் இருந்தது.
வெற்று நாடா வைத்தால்
அறையே செத்துப்போனது.
முதல் நாள், இடைவேளைக்கு முன்
எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்திலிருந்து
ஒரு சாண் அளந்து
உள்ளே வைத்தேன்.
விநாடிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் ஓடும் நாடாவில்
அது அரை விநாடி, மேலே ஒரு பொட்டு.

யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லும் அளவுக்கு அன்று அது
பெரிய விஷயமும் இல்லை.

நான்காவது பதிவு, இன்றுதான் கிடைத்தது:
எண்பத்திரண்டு, கிராட்ஸ், நேர்க்கச்சேரி.
வயதாகிவிட்ட வானெச்செக்.
இருமல்கள். ஒரு நாற்காலி நகர்கிறது.
ஓபோ இறங்குகிறது, முடிக்கிறது.
என் கையில் கேக் கத்தி.

நின்றார்.

அங்கே பிளேடு இல்லை, டிராம் இல்லை.
எண்ணூறு பேர் முன்னால்
தன் இசைத்தட்டைத் தானே கேட்டுப் பழகிய மனிதர்
என் சாணை அளந்து காட்டினார்.
கொஞ்சம் நீட்டியும்விட்டார்,
அவர் கை என் கையைவிடப் பெரியது.

"தன்னையே நகல் எடுக்கிறார்" என்றான் பொஹுமிர்.
"அறுபத்தேழில் அது தானாக வந்தது."
"இல்லை, இப்போதுதான்
ஏன் நின்றோம் என்று தெரிந்திருக்கிறது" என்றாள் லிபுஷே.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
ஓட்டு ஒன்று பாக்கி.

வாயில் கேக் இருந்தது.
விழுங்க நேரம் எடுத்துக்கொண்டேன்.
"கிராட்ஸ்" என்றேன்.
பொஹுமிர் என்னோடு அதற்குமேல் பேசவில்லை.

இறங்கி வந்து நான்காம் எண்ணுக்கு நின்றேன்.
ஈரத் தண்டவாளம். வளைவில் அது கிறீச்சிட்டது,
பழைய ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே.
டிரைவரிடம் சொல்லிவிட்டால் என்ன
என்று ஒரு கணம் தோன்றியது.
பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.
டிக்கெட்டைக் குத்தினேன்.