எழுப்பியது யார்

மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்றுதான்
நரினில் விற்றவன் சொன்னான்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
ஒரு சோலார் பலகை, லாரியிலிருந்து கழற்றிய பேட்டரி,
நிலக்கரி அடுப்பு, இரண்டு கட்டில்.
இரவு ஒன்பது மணிக்கு எழுபத்தொரு சதவீதம்.
விடிந்து பார்த்தால்
ஒன்பது.

ஏழு மணிக்குப் பனியாற்றின் கணக்கு
பிஷ்கேக்குக்குப் போயாக வேண்டும்:
காற்று, வெப்பம்,
நேற்று எத்தனை சென்டிமீட்டர் உருகியது.
மூன்று நாளாகப் போகவில்லை.
அலுவலகத்தில் எங்களுக்குத்
தூங்குமூஞ்சிகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ராத்திரியில் சீட்டு விளையாடுகிறாய், புருல்" என்றான் திலேக்.
"நீ படம் பார்க்கிறாய்" என்றேன்.
"என்ன படம்? இருப்பதே இரண்டு. இரண்டிலும் நாயகி செத்துப்போகிறாள்."
அன்று காலை தேநீரில் அவன் எனக்கு வெண்ணெய் போடவில்லை.

ஸ்லீப் என்கிறார்களே, அது தூக்கமே இல்லை.
பாதி எழுதிய வரியை, திறந்த வரைபடத்தை
விரலிடுக்கில் பிடித்தபடி
கண்ணை மட்டும் மூடிக்கொள்வது.
அறிதுயில். பாம்பணை ஒன்றுதான் குறை.
பிடித்த விரலுக்குக் கூலி உண்டு,
சொட்டுச் சொட்டாக மின்சாரம்.

ஹைபர்னேட் வேறு.
கையில் இருந்ததையெல்லாம் வட்டில் எழுதிவைத்துவிட்டு
விளக்கை அணைத்துப் போய்விடுவது.
சரிவில் உள்ள மர்மோட்டுகள் செப்டம்பரிலேயே
வளைவாயில் மண்ணடைத்துச் செய்கிற காரியம்.
ஆனால் எழ நேரமாகும்.
திலேக்குக்குப் பொறுமை கிடையாது.

நாலாம் இரவு முறைவைத்துக் காவலிருந்தோம்.
என் முறை.
மேசைமேல் கணினி,
மூச்சு விடுவதுபோல் சிமிட்டும் சின்ன வெள்ளை விளக்கு.
இரண்டு பதினாலுக்குச் சிமிட்டல் நின்றது.
விளக்கு நிலைகுத்தியது. விசிறி முனகியது.
யாரும் தொடவில்லை. திலேக் குறட்டையில் இருந்தான்.
எனக்கு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
மயிர் சிலிர்த்தது.

காலையில் பதிவைத் தோண்டினோம்.
உறங்கியது: 21:06. எழுந்தது: 02:14.
எழுப்பியது: மவுஸ்.

மவுஸா?
திலேக் அதைக் கவிழ்த்துப் பார்த்தான்.
வயிற்றில் சிவப்பு வெளிச்சம்,
தூங்காத ஒற்றைக் கண்.
மயிரிழை நகர்ந்தாலும் போதும் அதற்கு.

"எலிக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை" என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
பனியாற்றின் மூக்கில் நாங்கள் புதைத்த
அதிர்வுமானியின் பட்டியலை எடுத்தேன்.
02:14. பனி விரிசல். நடுத்தரம்.

ஐந்து இரவுகள், பத்தொன்பது விழிப்புகள்.
நோட்டில் எழுதி எதிரெதிரே வைத்தேன்.
பன்னிரண்டு பொருந்தின.
ஐந்தைக் காற்றின் கணக்கில் எழுதினோம்.
ஒன்று, நாலு ஐந்துக்கு,
தான் மூத்திரம் பெய்யப் போகையில்
மேசைக்காலில் இடித்ததாக
திலேக் ஒப்புக்கொண்டான்.
மிச்சம் ஒன்றை
இருவரும் பேசாமல் விட்டோம்.

நூறு சோம் கூடப் பெறாத மவுஸ்
ஐந்து இரவும் எங்களை உலுக்கிச் சொல்லியிருக்கிறது:
எழுந்திரு, மலை அசைகிறது.
நாங்கள் பேட்டரியைப் பற்றிச் சண்டை போட்டோம்.

'இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்':
அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை நானே எடுத்தேன்.
மூடியைச் சாத்தினால் இனி ஹைபர்னேட் என்றும் மாற்றினேன்.
மறுநாள் காலை எழுபது சதவீதம்.
ஏழு மணிக்குக் கணக்கு போனது.
தேநீரில் வெண்ணெய் திரும்பி வந்தது.

அன்றிரவு மேசையில் வெளிச்சம் ஏதுமில்லை.
கணினி வெறும் தகரம்போல் சில்லிட்டுக் கிடந்தது.
நான் ஏன் விழித்தேன் என்று தெரியவில்லை.
குடிசையின் பலகை ஒன்று மெல்லப் பல்லைக் கடித்தது,
பிறகு தொலைவில், கீழே எங்கோ,
பெரிய துணி கிழிவதுபோல்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
இருட்டிலேயே நோட்டைத் துழாவி
கோணல்மாணலாக எழுதினேன்:
02:51.
எழுப்பியது என்ற இடத்தை
காலியாக விட்டுவிட்டு,
போர்வையை மூக்குவரை இழுத்து,
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.