நீலத்துக்கு ஒரு முட்டை

காலையில் வாங்கிய கூலி
டிராம் வருவதற்குள் பாதியாயிற்று.
புடாபெஸ்டில் ஜூலை. போர் முடிந்து ஓராண்டு.

கோடி போய்க் கோடானுகோடி வந்தது.
அதற்கும் மேலே பெயர் தெரியாமல்
நோட்டின் நிறத்தைச் சொல்லிக் கேட்டார்கள்.
நீலத்துக்கு ஒரு முட்டை.
நேற்று இரண்டு.

எதெல்கா தெருக் கூட்டுகிறாள்:
செங்கல்தூள், கண்ணாடிச் சில்லு, பணம்.
குதிரைச் சாணம் மட்டும் கிடைக்காது.
அதை விடியுமுன்பே யாரோ
தக்காளிச் செடிக்கு அள்ளிப் போய்விடுகிறார்கள்.

துடைப்பத்தில் ஒட்டிய ஒரு நோட்டில்
இவளைப் போலவே முக்காடிட்ட ஒருத்தி.
ஈரம் உதறி, மடித்து,
வீட்டுக்குக் கொண்டுபோய்
உருளைக்கிழங்குக் கஞ்சி தடவி
உடைந்த ஜன்னலில் ஒட்டினாள்,
முகம் தெருவைப் பார்க்க.

டான் நதிக்குப் போன பாலிந்த்
எந்த டிராமில் வந்தாலும்
தெரியட்டும்,
வீட்டில் ஆள் இருக்கிறதென்று.