மைனஸ் இருபத்தொன்றில் லில்லி

டிசம்பர் ஊலுவில்
பத்தரைக்கு வரும் சூரியன்
இரண்டு மணிக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது,
பகுதிநேர ஊழியனைப் போல.
அதனால்தான் இந்த விளக்கு, நோகி.
நீ குளிர்காய அல்ல.

உனக்கும் ஃபிகஸுக்கும் நான் செய்யும் பஞ்சாயத்துக்கு
இது மூன்றாவது வருடம்.
மண்ணைக் கிளறினாய்.
ஹியெட்டாசாரிக் காட்டில் பைன் காய்கள் பொறுக்கி வந்து
தொட்டிகளில் நெருக்கி அடுக்கினேன்.
ஒன்றை உருவியெடுத்து இரவெல்லாம் பந்தாடினாய்.
ஆரஞ்சுத் தோல் வைத்தேன்.
இரண்டு நாள் மூக்கைச் சுளித்தாய்,
மூன்றாம் நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாய்.

டிஃபன்பாக்கியா விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.
கடித்தால் நாக்கு வீங்கும்.
கூரைக் கொக்கியில் தொங்கவிட்டேன்.
அங்கே வெளிச்சம் போதாமல்
இலைகள் ஒவ்வொன்றாய்ப் பழுத்து
உன் தலையில் விழுந்தன.
விளக்கை உயர்த்திக் கட்டினேன்.
ஞாயிறுதோறும் நாற்காலியில் ஏறி
மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்
ஒரு டம்ளர் தண்ணீர்.
நீ கீழே நின்று
நான் விழுவதற்குக் காத்திருப்பாய்.

போன வெள்ளிக்கு முந்தைய வெள்ளி எனக்கு ஐம்பது.
பல் மருத்துவமனையிலிருந்து மிர்வா கேக்கோடு வந்தாள்.
ஹில்க்காவின் கையில் ஒரு கட்டு வெள்ளை லில்லி.
அவளுக்குத் தெரியாது,
உன் முதுகில் உதிர்ந்த மகரந்தத்தை
நீ நக்கிச் சுத்தம் செய்தாலே போதும்,
மூன்றே நாளில் சிறுநீரகம் நின்றுவிடும் என்று.
சிரித்துக்கொண்டே வாங்கினேன்.
கோட்டைக்கூடக் கழற்றாத அவளைத் தாண்டிப் போய்
பால்கனிக் கதவைத் திறந்து
வெளியே வைத்து மூடினேன்.

யாரும் பேசவில்லை.
மெழுகுவர்த்தி கேக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.
"பூனை" என்றேன்.
ஹில்க்காவின் கையுறையில் ஆரஞ்சுப் பொடி.
ஈரத்துணி பட்டால் கறை பரவும்;
செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன்.
விரல் விரலாக
அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்,
ஊசிக்குக் காத்திருக்கும் குழந்தை போல.

லில்லி இன்னும் வாடவில்லை.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி
இதழ்களில் வெளிச்சம் ஊடுருவுகிறது.
வீட்டுக்குள் வைத்திருந்தால்
இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும்.
நீ உள்ளே, அது வெளியே,
நடுவில் மூன்றடுக்குக் கண்ணாடி.
உன் மூக்கு பட்ட இடத்தில் சின்னதாய் ஓர் ஆவி வட்டம்.
கொஞ்சம் மேலே, என்னுடையது.

உனக்கென்றே ட்ரேயில் விதைத்த ஓட்ஸ் புல்
நாலு விரற்கடை வளர்ந்திருக்கிறது. அதைத் தின் என்றேன்.
தின்றாய்.
இத்தனை தரை இருக்க
கம்பளத்தின் நட்டநடுவில் கக்கினாய்.

ஒருநாள் குளிர் விடும்.
உறைந்ததெல்லாம் இளகிச் சொதசொதக்கும்.
அதற்கு முந்தைய நாளே
பையில் கட்டிக் கீழே இறக்கிவிட வேண்டும்.
எது அந்த முந்தைய நாள் என்று
யாருக்குத் தெரியும்?
வெப்பமானியைப் பார்த்தபடி
உட்கார்ந்திருக்கிறேன்,
உன்னைப் போலவே,
வால் மட்டும் இல்லாமல்.