மிச்சம்

விடியுமுன் நாலரை மணிக்கு
டேனா ஃப்ரீசன் தொட்டி பார்க்கப் போவாள்.
அரை மைல் நீளச் சிமென்ட் தொட்டி.
நெற்றி விளக்கு
பனியைத் துழாவிக்கொண்டு முன்னால் போகும்.
நக்கித் துடைத்திருந்தால் நோட்டில் சுழியம்.
விரலால் பொறுக்குமளவு நொறுங்கல் கிடந்தால் அரை.
அரைதான் அவளுக்குப் பிடித்த எண்.
"பசி இருக்கணும் ஒரெஸ்ட்,
வெறி இருக்கக் கூடாது."

நான் தீவன வண்டிக்காரன்.
அவள் எழுதும் எண்ணை
டன்னாக்கிக் கொட்டுகிறவன்.

செப்டம்பரில் ஏழாம் பட்டிக்கு வந்திறங்கியவை
மலையடிப் புல்லைத் தவிர ஒன்றும் அறியாத வாய்கள்.
தொட்டியைக் கண்டு பின்வாங்கின.
முதல் வாரம் காய்ந்த நீளப் புல்.
அப்புறம் ஊறுகாய்ப்புல்:
பால்பிடித்த பார்லியைத் தட்டையோடு வெட்டி
குழியில் தள்ளி, டிராக்டர் ஏற்றி மிதித்து,
பழைய டயர் அடுக்கி மூடிவைத்தது.
திறந்தால் புளித்த ஆப்பிள் வாசம்.
என் மனைவி என் சட்டைகளைத்
தனியாகத்தான் துவைப்பாள்.

தானியம் கடைசியில்தான்.
உருளையில் நசுங்கிய பார்லி,
சில நாளைக்கொரு தரம் கொஞ்சம் கூட.
வயிற்றுக்குள் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
புல்லை மறந்து மாவுக்குப் பழக
மூன்று வாரம் கேட்கும்.
அந்தக் கூட்டத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது.
ரூலஃப் ஹேவர்ஹால்ஸ் அவசரப்படுவார்.
பட்டி அவருடையது,
பட்டியின் மேலுள்ள கடன் வங்கியுடையது.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு இரவு புயல்.
இரண்டு நாள் மாடுகள்
காற்றுக்கு முதுகு காட்டி நின்றன,
புருவத்தில் பனிக்கட்டி தொங்க.
தொட்டிப் பக்கம் ஒன்றும் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை
மலை தாண்டி சினூக் காற்று வீசியது.
கூரைகள் சொட்டின.
ஏழாம் பட்டி முழுதும் கம்பியில் நெஞ்சு பதித்துக் கத்தியது.

டேனாவின் நோட்டு: ஏழு. புல் முதலில். தானியம் பாதி.
ரூலஃபின் போன்: வெள்ளிக்கிழமை லாரி வருது,
எடை விட்டுப்போச்சு, முழுசா கொட்டு.

இரண்டு எண்கள் இருந்தன என் கையில்.
சம்பளம் தருகிறவருடையதைக் கொட்டினேன்.
அவை தின்ற வேகத்தைப் பார்த்து
சந்தோஷம்கூடப் பட்டேன்.

புதன் காலை ஒன்று எழவேயில்லை.
இன்னொன்று, காது வில்லையில் 4418,
கூட்டத்தை விட்டுத் தள்ளி,
தலை தொங்கி, கால் மாற்றி மாற்றி நின்றது.
சாணம் சாம்பல் நிறத்தில் நுரைத்து,
அதில் முழுசு முழுசாய்ப் பார்லி.
டேனா தொப்பியைக் கழற்றி
அதன் இடது விலாவில் காது வைத்தாள்.
எப்போதும் அங்கே
தூரத்தில் லாரியொன்று மரப்பாலம் கடப்பதுபோல
ஓர் உருட்டல் கேட்குமாம்.
"தண்ணி ததும்புது. வேற ஒண்ணும் இல்ல."
வாளியில் சோடா உப்புக் கரைத்து
குழாயைத் தொண்டைக்குள் இறக்கினாள்.
நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"தலையைத் தூக்கிப் பிடி" என்றாள்.
பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
முப்பத்தெட்டு ஏறின,
அறுநூற்று நாற்பது கிலோ, குறையாத முதுகுகள்.
எந்தத் தொட்டி எத்தனை எண் என்று
கசாப்பு ஆலையில் யாரும் கேட்கமாட்டார்கள்.
4418ஐ ரூலஃப் கழித்துவிட்டார்.
ஐம்பது கிலோ இறங்கிப்போச்சு,
இதை அனுப்பினால் நஷ்டம்.
இன்னும் ஒரு மாசம் தீனி போட்டுப் பார்ப்போம்.

நோய்ப்பட்டி ஓரத்தில் இப்போது அது
காய்ந்த புல்லை ஒவ்வொரு தாளாக இழுக்கிறது.
நேற்று டேனா தொட்டியைக் கையால் தடவி
நாலு துணுக்குப் பொறுக்கிப் பார்த்து
அரை என்று எழுதினாள்.

அவள் அடுத்த பட்டிக்குப் போனதும்
வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.
தொப்பியைக் கழற்றினேன்.
விலா சூடாக இருந்தது, மயிர் குத்தியது.
முதலில் என் மூச்சுதான் கேட்டது.
பிறகு
லாரி பாலம் ஏறியது.