முக மதிப்பு

மூணாறு தலைப்பில் மதகு ஏற்றி இறக்கும்
லஸ்கர் வைரக்கண்ணு
தொண்ணூற்றிரண்டில் ஆயிரம் ரூபாய் கொண்டுவந்தார்,
ஐம்பதும் இருபதுமாக, லேசான கிரீஸ் வாசனையோடு.
மன்னார்குடியில் மருந்துக்கடை மாடி எங்கள் ஆபீஸ்.
விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன்:
கோரையாறு பேப்பர்ஸ், பத்து ரூபாய்ப் பங்கு, நூறு.
வைக்கோலைக் காய்ச்சிக் காகிதம் பண்ணுகிற கம்பெனி.
பங்குப் பத்திரத்தையும் அதே காகிதத்தில் அடித்திருந்தார்கள்.
மடிப்பில் ஒரு வைக்கோல் நார் துருத்திக்கொண்டிருந்தது.

இரண்டே வருஷத்தில் பங்கு அறுநூறுக்குப் போனது.
"சிறு முதலீட்டாளர் கைக்கு எட்டும்பொருட்டு"
என்று ஆரம்பித்த கடிதம்
ஒன்றை ஐந்தாய்க் கிழித்தது. நூறு ஐந்நூறானது.
அரைக் கிலோ அல்வா மாடிக்கு வந்தது.
முதலாளி ராமபத்திரன் வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்:
"தோசை அதே தோசைதான் வைரக்கண்ணு,
துண்டுதான் அஞ்சு."
அவர் கேட்கவில்லை. கேட்பானேன்?
வெண்ணாறு வந்து முட்டி
கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற இடத்தில்
பதினாறு வருஷமாக நிற்கிறவர்.
பிரித்துவிட்டால் பச்சையாகும்
என்பதைக் கண்ணால் பார்த்தவர்.

இரண்டாயிரத்தில் மறுபடி பாதி. ஐந்நூறு ஆயிரமானது.
விலை இருபத்தொன்பது என்றேன், தலையை ஆட்டினார்.
ஆயிரம் என்றபோதுதான் சிரித்தார்.
மகள் செவந்தி கல்யாணத்துக்கு
நகையைத்தான் அடகு வைத்தார், இதைத் தொடவில்லை.

அதற்குள் பத்திரம் போய் டீமேட் வந்துவிட்டது.
வைக்கோல் நாருக்குக் குறுக்கே
நானே முத்திரை குத்தி அனுப்பினேன்.

ஆலை நின்றது, ஓடியது, நின்றது.
ஒன்று நாற்பது.
பன்னிரண்டாம் வருஷம் ஒரு கடிதம்:
பத்துப் பங்கு சேர்ந்து ஒன்றாகும்,
தங்கள் முதலீட்டின் மதிப்பில் மாற்றமில்லை.
உண்மைதான். எந்தக் கடிதத்திலும் பொய் இல்லை.
பிரித்தபோதும் குறையவில்லை, சேர்த்தபோதும் குறையவில்லை.
இரண்டு கடிதத்துக்கு நடுவில்தான் குறைந்தது.
நடுவில் கடிதம் வராது.

அவர் ஓய்வுபெற்ற மாதம் அது.
"மேல வந்த தண்ணிக்கும் கீழ விட்ட தண்ணிக்கும்
ரெஜிஸ்டர்ல கணக்கு ஒத்து வரணும்மா.
கொஞ்சம் உதைச்சாலே ஏஇ ஜீப்புல வந்துருவாரு.
இங்க அப்படி யாரும் வரமாட்டாங்களா?"
நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தேன்.
"சரி, பிரிச்ச ஆத்த
எப்படித் திரும்ப ஒண்ணாக்குனாங்க?"

பிறகு தொண்ணூறு காசு. நாற்பதுக்கு ஒன்று.
நூறை நாற்பதால் வகுத்தால் இரண்டரை.
அரைப் பங்கு என்று ஒன்று கிடையாது.
ஊரார் பின்னங்களையெல்லாம் திரட்டி விற்று
அவர் பங்குக்குப் பதினெட்டு ரூபாய் வாரண்ட் அனுப்பினார்கள்.
நீடாமங்கலத்திலிருந்து இங்கே போக வர
பஸ் சார்ஜ் அதைவிட நாலு ரூபாய் கூட.
அதை அவர் மாற்றவில்லை.

இந்த ஆனியில், சேலத்துக்காரர் யாரோ
ஆலையை வாங்கிவிட்டதாகப் பேச்சு. அறுநூற்று இருபது.
ஒன்றைப் பத்தாக்கும் தீர்மானம்
என் போனுக்கே வந்தது.
முதல் வரியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.
தோசைக் கணக்குச் சொல்ல ராமபத்திரன் இல்லை.
வைரக்கண்ணுவைக் கூப்பிட்டேன்.
பின்னால் தண்ணீர் இரைகிற சத்தம்;
மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது போல,
வேலை போனாலும் அங்கேதான் போய் நிற்கிறார்.
"ரெண்டு இருபதாகுதுங்க."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அல்வா வாங்கட்டுமா?"
"கால் கிலோ போதும்" என்றேன்.